மற்றக் காது

அன்று மாலை பலெர்மோவின் கடலோரப் புல்வெளியில், மேடைக்கு முன்னால், நானும் என் பல்கலைக்கழகத் தோழன் சால்வோவும் நின்றோம். அம்மா வரவில்லை, அவர் லிபெர்த்தா தெருவில் ஓர் ஐந்தாம் மாடி வீட்டில் ஒரு கிழவிக்குத் துணை இருந்தார். அந்தக் கிழவியின் மகனும் வரவில்லை. அவர் இருப்பது வடக்கே தொரினோவில். நான் எழுத வந்த மனிதர் வந்தாரா வரவில்லையா என்பதைத்தான் என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. ஆள் எங்கள் இருவருக்கும் நடுவில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், நின்றுகொண்டுதான் இருந்தார்.

அவரை மாமா என்பேன். இரத்த உறவு இல்லை. அம்மா அவரைத் தம்பி என்று கூப்பிட்டதால் எனக்கு மாமா ஆனார். அவரும் விடாமல் என்னை மருமோன் என்றார். "பெட்டை இல்லாத மாமனுக்கு வாய்ச்ச மருமோன்" என்று தானே சொல்லித் தானே சிரிப்பார்.

அம்மா அந்தக் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் துப்புரவு வேலை செய்தார். ஐந்தாம் மாடியில் ஒரு தமிழ் ஆள் வீட்டோடு தங்கி வயதான சிஞ்ஞோரா ஒருவரைப் பராமரிக்கிறார், பாவம், கடைக்கு இறங்கவும் வழியில்லை, நீ சனிக்கிழமையில் நாலு சாமான் வாங்கிக் கொண்டுபோய்க் கொடு என்று அவர்தான் என்னை அனுப்பினார். எங்கள் வீடு அல்பெர்கேரியாவில், பல்லரோ சந்தைக்கு இரண்டு சந்து தள்ளி. அரிசி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போவேன்.

முதல் நாள் மணியடித்தபோது உள்ளே காலடி வந்தது. பிறகு பூட்டு நாலு தரம் சுழன்றது. இரும்பு வைத்த கனத்த கதவு. திறந்தவரின் கழுத்தில், சாமிப்படம் தொங்குகிற மாதிரி ஒரு கறுப்புக் கயிற்றில், அந்தக் கதவின் திறப்புத் தொங்கியது. என்னை உள்ளே விட்டதும் மறுபடி நாலு சுற்று. சிஞ்ஞோரா ஒருமுறை இரவு உடுப்போடு இறங்கி பஸ் தரிப்பிடம் வரை போய்விட்டாராம். அன்றிலிருந்து மகனின் கட்டளை: மாமா உள்ளே இருந்தாலும் சரி, குப்பை போடக் கீழே போனாலும் சரி, கதவு பூட்டியே இருக்க வேண்டும். திறப்பு இரண்டே இரண்டு. மற்றது தொரினோவில்.

"ஜெயிலரும் நான்தான், ஜெயிலிலை இருக்கிற ஆளும் நான்தான்" என்றார் மாமா. "சம்பளம் மட்டும் ஒண்டு."

அவருடைய இடது காதில் ஓர் இயர்ஃபோன் இருந்தது. அதன் சோடி மார்பில் தொங்கிக்கொண்டு, உள்ளே தேனீ அகப்பட்ட மாதிரி இரைந்தது. "என்ன மாமா, செய்தியோ?" என்றேன். தொங்கியதை எடுத்து என் காதில் வைத்தார். ஹெவி மெட்டல். இழுத்து இழுத்து வாசிக்கிற பழைய காலத்து வகை. பலெர்மோ தமிழருக்குள் இதைக் கேட்கிற ஒரே பைத்தியம் நான்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அவர் இந்த இசையைத் தேடிப் போகவில்லை. இது இருந்த அறைக்குள் அவரைப் போட்டுப் பூட்டினார்கள், அவ்வளவுதான். அவருக்குத் தங்கக் கொடுத்தது சிஞ்ஞோராவின் மகன் பையனாக இருந்தபோது படுத்த அறை. சுவர் முழுக்க மண்டையோடுகளும் நீள முடிக்காரர்களும். கட்டிலுக்கடியில் மூன்று மரப்பெட்டிகளில் இசைத்தட்டுகள்: ஒன்றில் எழுபதுகள், ஒன்றில் எண்பதுகள், ஒன்றில் தொண்ணூறுகள். மூலையில் ஒரு ஸ்டீரியோ, பிளாஸ்டிக் உறைக்குள். அதைத் தொடக் கூடாது. தொட்டாலும் சத்தத்துக்கு சிஞ்ஞோரா பயந்து அழுவார். ஆகவே மாமா பெட்டியிலிருந்து ஓர் உறையை எடுத்து, படம் பார்த்து, பெயரை எழுத்தெழுத்தாக ஃபோனில் தட்டித் தேடிக் கேட்பார். யாழ்ப்பாணத்தில் கோயில் நாதஸ்வரத்துக்கும் சினிமாப் பாட்டுக்கும் அப்பால் எதையும் கேட்டிராத மனிதர் அந்த மூன்று பெட்டியையும் அப்படியே கரைத்துக் குடித்திருந்தார்.

நான் எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகப் படி ஏறியவன். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், அம்மா எட்டு. எதையும் ஆதாரத்தோடு பேச வேண்டும் என்ற வேகம் எனக்கு அப்போது முற்றியிருந்த நேரம். நான் கேட்பது இரண்டாயிரத்துக்குப் பிந்திய குழுக்கள். அவற்றின் தாளக் கணக்கையும் ஒலிப்பதிவின் சுத்தத்தையும் அவருக்கு விளங்கப்படுத்தப் போவேன். அவர் வெங்காயம் அரிந்தபடி கேட்டுவிட்டு, கத்தியை நிமிர்த்துவார்.

"எழுபதுகாரருக்குத்தான் மருமோன் மரியாதை தெரியும். பாட்டுக்கு நடுவிலை ஒதுங்கி வழி விடுவாங்கள். எண்பதுகாரன் மூச்சே விடமாட்டான். கையைக் கட்டினால் காலாலை வாசிப்பான். அது இவ நல்லா நித்திரை கொண்டால்தான் சரிவரும்."

"தொண்ணூறு?"

"சுருதியை இறக்கிக் கட்டினவங்கள். முகத்திலை சிரிப்பிராது. மழை நாளுக்கு நல்லம்."

"அப்ப நான் கேக்கிறது?"

"உன்ரை ரெண்டாயிரமோ? அது ஆஸ்பத்திரி. கழுவித் துடைச்சு எல்லாம் வெள்ளையா வச்சிருக்கினம். நோயாளியைத்தான் காணேல்லை."

மனிதர்களையும் இப்படித்தான் தரம் பிரிப்பார். அவருக்கு வெளியுலகம் என்பது பல்கணி. அங்கே துணி காயப்போடும்போது கீழே போகிறவர்களைக் காட்டுவார். நாலாம் மாடி வழக்கறிஞர் எண்பதுகள், "தலைமயிரைப் பாரன்." மருந்துக் கடைப் பெண் தொண்ணூறு. சிஞ்ஞோரா எழுபதுக்கும் முந்தியவர்: "இவவிலை இருந்துதான் மற்றவங்கள் எல்லாம் களவெடுத்தவங்கள்." தொரினோ மகனை மட்டும் அவர் பெட்டியை வைத்தே கணித்திருந்தார். மூன்றாவது பெட்டி பாதியில் நின்றுவிடுகிறது. "ஒருத்தன் பாட்டு வாங்கிறதை எந்த வருசம் நிப்பாட்டினவன் எண்டு பார். அந்த வருசம்தான் அவன் முதலாளி ஆனவன்."

எந்த விவாதமும் முடிந்ததில்லை. உள்ளறையிலிருந்து "ஜோயா!" என்று ஒரு குரல் வரும். ஜோயா என்றால் மகிழ்ச்சி. இந்த ஊர்க் கிழவிகள் பிள்ளைகளைக் கூப்பிடுகிற செல்லச் சொல். மாமாவின் பெயர் சிஞ்ஞோராவின் வாயில் கடைசிவரை நுழையவில்லை. மாமா அரைச் சொல்லில் எழுந்து போய்விடுவார். திரும்பி வந்து மீதிச் சொல்லிலிருந்து தொடங்குவார்.

எழுபதுகளின் பெட்டியில் ஒரு பாட்டு அவருக்கு உயிர். அதில் ஓர் இடம் வரும் என்பார். எல்லோரும் வாசிப்பதை விட்டு விலகி நிற்க, பேஸ் கித்தார் மட்டும் இருட்டு வீட்டில் நடக்கிற மாதிரி மெல்ல நடக்குமாம். "உலகத்திலையே தைரியமான மௌனம் அதுதான். அந்த இடம் வரேக்கை நான் அவ மூச்சு விடுற சத்தத்தைக் கேப்பன். சீராப் போகுதோ எண்டு."

அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். அதில் மௌனமே கிடையாது. அவர் சொல்கிற இடத்தில்தான் அந்தப் பாட்டின் புகழ்பெற்ற கித்தார் தனி வாசிப்பு வருகிறது; அதற்காகவே உலகம் அந்தப் பாட்டைக் கேட்கிறது. அவர் வேறு ஒலிப்பதிவைக் கேட்கிறாராக்கும் என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை அவருடைய ஃபோனை வாங்கி இரண்டு காதிலும் மாட்டிக் கேட்டபோதுதான் பிடிபட்டது. தனி வாசிப்பு முழுவதும் வலது பக்கத்தில் இருந்தது. அவர் ஒரு நாளும் வலது பக்கத்தைக் கேட்டதில்லை.

"மாமா, மற்றதையும் போட்டுக் கேளுங்கோ."

"அது ஏலாது."

"ஒரு நிமிசம்தானே?"

"ஒரு நிமிசத்திலைதான் அவ குளியலறையிலை விழுந்தவ." இடது காதைத் தொட்டார். "இது என்ரை." வலதைத் தொட்டார். "இது அவவின்ரை."

"அப்ப மாத்தி மாத்திக் கேக்கலாம். வலதை எடுத்து இடது காதிலை போடுங்கோ."

"அது அரைவாசியை ரெண்டு தரம் கேக்கிறது, மருமோன்."

இரண்டு பக்கத்தையும் ஒரே காதில் சேர்த்துத் தரும்படி ஃபோனை மாற்றிக் கொடுத்தேன். அரைப் பாட்டுக் கேட்டார். "சோத்தையும் ரசத்தையும் பாயாசத்தையும் ஒரேயடியாக் குழைச்ச மாதிரிக் கிடக்கு. எடு." எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு மனம் சரியில்லை. எழுபதுகளில் பல இசைத்தட்டுகளில் ஒவ்வொரு வாத்தியத்தையும் ஒவ்வொரு பக்கத்துக்குத் தள்ளிவைத்துப் பதிந்தார்கள். பிறகு வந்தவர்கள் கித்தாரை இரண்டு பக்கமும் நிரப்பினார்கள். ஆகவே எழுபதுகாரர் வழிவிட்டார்கள் என்பதும், எண்பதுகாரர் மூச்சு விடவில்லை என்பதும் அவர் இடது காது சொன்ன கதை. பத்தாண்டு பத்தாண்டாக அவர் சொன்ன வரலாறு இசையின் வரலாறு அல்ல. அந்த வீட்டின் வரலாறு. இதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருந்தேன். அடுத்த சனிக்கிழமை அவரே கேட்டார்.

"மருமோன், அந்தச் சோலோ எப்பிடி? எடுத்தவுடனை அடிப்பானோ, இல்லாட்டி மெல்ல வருவானோ?"

நான் வாயால் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "உனக்கு வாய் சரியில்லை" என்றார்.

அந்தக் கோடையில் அதே குழு பலெர்மோவுக்கு வருவதாக இருந்தது. பாடகருக்கு எழுபது தாண்டிவிட்டது. இதற்குப் பிறகு வரப்போவதில்லை. நேரில் போனால் இரண்டு காதாலும் கேட்கலாம். நான் கேட்காமலே மூன்று டிக்கெட் எடுத்தேன். மாமா டிக்கெட்டை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், முன்பக்கம் பார்த்தார், என்னிடமே தந்தார். ஒப்பந்தத்தில் வாரத்துக்கு ஒன்றரை நாள் ஓய்வு என்று இருந்தது. அதைக் கேட்டு எடுத்தவர் அல்ல அவர். அவருடைய பெர்மெஸ்ஸோ, இந்த நாட்டில் தங்குகிற அனுமதி, அந்த ஒப்பந்தத்தில் நின்றது. விலாசமும் அந்த வீடுதான். முகத்தைச் சுழிக்க வைக்கிற ஒரு கேள்வியையும் தொரினோவிடம் கேட்பதில்லை என்று வைத்திருந்தார். அம்மாதான் அதட்டினார்: "ஒரு பின்னேரம் நான் இருக்கிறன், தம்பி. அந்தாள் என்ன கடிக்கவோ போறார்? கேளும்."

கேட்டார். மகனுக்கு ஒரே சந்தோசம். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "அவர்களா! பதினேழு வயதில் மிலானோவில் பார்த்தேன், அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுப் போனேன்" என்று இத்தாலியனில் பொழிந்தார். அந்தத் தனி வாசிப்பை விட்டுவிடாதே, எனக்குச் சொல்ல வேண்டும் என்றார். பத்து மணிக்குள் திரும்பிவிடு என்றும் சொன்னார்.

அன்று ஆறு மணிக்கே அம்மா மேலே போய்விட்டார். மாமா மாத்திரை, தண்ணீர், தலையணை எல்லாம் காட்டிக் கொடுத்துவிட்டுக் கடைசியாகச் சொன்னதை அம்மா பிறகு சொன்னார்: "அக்கா, அவ கூப்பிட்டால் ஓடாதேங்கோ. முதல்லை 'வாறன்' எண்டு குரல் குடுங்கோ. குரல் கேட்டால் பாதிப் பயம் போயிடும்." நானும் சால்வோவும் கீழ் வாசலில் நின்றோம். இறங்கி வந்தவர் தெருவில் இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார். "வெளியிலை சத்தம் ரெண்டு பக்கத்தாலையும் வருது, என்ன?"

வெயில் இன்னும் விழவில்லை. கடல் பக்கம் முழுக்கக் கறுப்புச் சட்டைகள். சால்வோ அன்போடு காதடைப்பான் ஒரு சோடி நீட்டினான். "இவனென்ன விசரனோ? அடைக்கவோ வந்தனான்?" என்றார் மாமா. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் சால்வோ அவருக்குத் தலைவணங்கினான்.

முதல் பாட்டுக்கு அவர் கோயிலில் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டாவதில் என் தோளைப் பிடித்து மேடையைக் காட்டினார். "அங்கை ஒருத்தன். இஞ்சை ஒருத்தன். ரெண்டு பேர் கதைக்கினம், மருமோன்! நான் இவ்வளவு நாளும் ஒருத்தன் டெலிபோனிலை கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறன்!" மூன்றாவதில் தலை ஆடத் தொடங்கியது. முன்னால் நின்ற பையன்களைப் பார்த்து ஆட்டினார். கொஞ்சம் பிந்தி ஆட்டினார்.

நாலாவது அந்தப் பாட்டு. அவர் சொல்கிற இடம் நெருங்கியது. பேஸ் தனியே நடக்க, மேடையின் வலது ஓரத்திலிருந்து நரைத்த தலை ஒன்று முன்னால் வந்து கித்தாரை நெஞ்சுக்கு உயர்த்தியது. மெல்லத்தான் தொடங்கியது. மாமாவின் வாய் திறந்திருந்தது.

"என்ரை மௌனத்துக்குள்ளை ஒருத்தன் நிக்கிறான்" என்றார். "இவ்வளவு காலமும் நிண்டிருக்கிறான்."

மூச்சு முட்டியவர் போலச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். கை கழுத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. கறுப்புக் கயிற்றை வெளியே இழுத்தார். திறப்பு நுனியில் ஆடியது. என்னைப் பார்த்தார்.

"அக்கா உள்ளை."

அம்மாவைச் சிஞ்ஞோராவோடு உள்ளே வைத்து, எத்தனையோ வருசப் பழக்கத்தில், நாலு சுற்றுப் பூட்டிவிட்டு வந்திருந்தார். குப்பை போடப் போனாலும் பூட்டுகிற கை. என் ஃபோனில் அம்மாவின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. அந்தச் சத்தத்தில் எது கேட்கும்? கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர் ஓடினார், நான் பின்னால். கித்தார் எங்கள் முதுகுக்குப் பின்னால் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கச்சேரிக்காகத் தெருக்களை மறித்திருந்தார்கள், பஸ் இல்லை. ஓடிக்கொண்டே அம்மாவை எடுத்தேன்.

"எங்கையடா நிக்கிறியள்? இவ எழும்பித் தம்பியைக் காணேல்லை எண்டு பல்கணியிலை நிண்டு ஊரைக் கூட்டிப்போட்டா! தன்னை ஆரோ கடத்திப்போட்டினமாம்! தீயணைப்புக்காரர் வந்து கதவைத் திற, திற எண்டு கத்தினம். திறப்பு வருது, திறப்பு வருது எண்டு நானும் கத்துறன். ஆர் நம்பினம்? என்னைத்தான் கள்ளி எண்டு நினைக்கினம்."

பின்னால் "ஜோயா! ஜோயா!" என்ற குரல் கேட்டது. மாமா என் கையிலிருந்த ஃபோனுக்கே "வாறன்! வாறன்!" என்று கத்தினார், தமிழில்.

நாங்கள் ஐந்து மாடியும் ஏறியபோது கதவு சட்டகத்தோடு சுவரில் சாய்ந்து கிடந்தது. மாமா மூச்சு வாங்க நின்று, திறப்பைக் கயிற்றோடு நீட்டினார். தீயணைப்பு வீரர் அதைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். "இப்ப இதை எதில் போடப் போகிறாய்?" என்று கேட்டார். கேலியாகக்கூட இல்லை.

சிஞ்ஞோரா வந்து மாமாவின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். பிறகு அதே கையால் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கே போனாய் என்று கேட்டார். "எங்கேயும் போகவில்லை, இங்கேதான்" என்றார் மாமா. அம்மா நாற்காலியில் இருந்து, அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல், "ஒரு பின்னேரமே எனக்கு இப்பிடிக் கிடக்கு, தம்பி" என்றார்.

மறுநாள் மரச் சில்லுகளைக் கூட்ட நான் போயிருந்தபோது தொரினோ அழைப்பு வந்தது. மகன் கத்தவில்லை. தாயைப் பற்றிக் கேட்டார், கதவைப் பற்றிக் கேட்டார். பிறகு குரல் தாழ்த்தி, "அந்தத் தனி வாசிப்பு? வாசித்தார்களா?" என்றார்.

"வாசித்தார்கள். பாதி கேட்டேன்."

"பாவமே!" என்றார் மகன். உண்மையாகவே வருந்தினார். அதே மூச்சில், புதுக் கதவுக்கு விலை கேட்டுவிட்டதாகவும், தவறு யாருடையது என்பதில் சந்தேகமில்லை என்பதால் மாதாமாதம் சம்பளத்தில் கழித்துக்கொள்வதாகவும் சொன்னார்.

நான் கொதித்தேன். இப்படிக் கழிக்க முடியாது, தொழிற்சங்கத்துக்குப் போவோம், கடிதம் நான் எழுதுகிறேன் என்றேன். மாமா ஸ்டீரியோவின் பிளாஸ்டிக் உறையில் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கதவுக்குச் சண்டை பிடிச்சால் வேலை போகும். வேலை போனால் பெர்மெஸ்ஸோ போகும். பேந்து நீ எழுதின கடிதத்தை எந்த விலாசத்துக்கு அனுப்புவாங்கள்?"

புதுக் கதவுக்கு மூன்று திறப்பு வந்தது. ஒன்று தொரினோவுக்குப் போனது, ஒன்று எண்பதுகளின் தலைமயிர்க்கார வழக்கறிஞருக்கு. மூன்றாவது பழைய கயிற்றிலேயே ஏறியது. நான் படிப்பு முடிந்து வேலைக்காக பொலோஞ்ஞா போகும்வரை சனிக்கிழமைகளில் போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு தீர்ப்பைத் திருப்பி வாங்குவார். "மருமோன், எழுபதுகாரர் வழி விடுவாங்கள் எண்டு சொன்னனான் எல்லோ, அதை விடு. அவங்களும் ஒருத்தனுக்கும் வழி விடேல்லை." எண்பதைப் பற்றிச் சொன்னதை மட்டும் மாற்ற மறுத்தார். பாட்டு அந்த இடத்துக்கு வரும்போது ஒரு விரலை உயர்த்துவார். "இப்ப நிக்கிறான், பார்" என்று வலது பக்கம் காட்டுவார். அங்கே நடையும், நடையின் முடிவில் சிஞ்ஞோராவின் அறையும் இருந்தன. இயர்ஃபோன் இடது காதில் மட்டும்தான் இருந்தது.

டிக்கெட் நான் எடுத்தது, அதை விடுகிறேன். அம்மா கதவுக் காசில் பாதியைத் தருகிறேன் என்று நின்றதற்கு அவர் சம்மதிக்கவில்லை. அந்தக் காசைக் கட்டி முடிக்கும்வரை வேலையை விடுகிற பேச்சுக்கும் இடமில்லை. கதவு, சட்டகம், பூட்டு, மூன்று திறப்பு, கூலி எல்லாம் சேர்த்து அந்த மூன்றரைப் பாட்டுக்கு ஆனது ஆயிரத்து அறுநூற்று நாற்பது யூரோ.